சிக்னலின் விரல்கள்

சிக்னல் ஐந்து விரலையும் விரித்து ஒவ்வொன்றாக மடக்கினால்தான் கிழக்கே சூரியன் எழும்பும். சுண்டுவிரலை மடக்க அவள் மறந்துவிட்டால் அன்றைக்குக் கோழிகூடக் கூவாது. கூவலாமா வேண்டாமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். இதோ, பயிற்சிப் பள்ளியின் ஸ்டுடியோவில் ஒன்றாம் கேமராவின் காலடியில் குந்தி, யாருமே இல்லாத நாற்காலியைப் பார்த்து விரல் மடக்கிக்கொண்டிருக்கிறாள். ஐந்து, நான்கு, மூன்று. ஒன்று முடிந்ததும் நாற்காலியை நோக்கிக் கையை வீசுகிறாள். நாற்காலி பேசவில்லை. "பரவால்ல, நீயாவது தொண்டைய கனைச்சிட்டு ஆரம்பிக்கல," என்கிறாள் அதனிடம்.

சிக்னல் என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். வயது பதினெட்டு. ஆள் குள்ளம். இடுப்பில் கலர் டேப் சுருள்கள் மூன்று வளையல்போலத் தொங்கும். யார் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டி வைப்பாள். வகுப்பில் தூங்கிய ஒலிக்காரனைச் சுற்றி ஒருநாள் நீல டேப்பை ஒட்டிவிட்டு, "எழுப்பாதீங்க, அவன் அவன் இடத்துலதான் இருக்கான்," என்றாள்.

ஆண்டு இறுதி நேரலைக்கு வேலை பிரித்த நாளில், இயக்குநர் வேலைக்கு ஏழு கைகள் உயர்ந்தன. தொகுப்பாளர் வேலைக்கு ஒன்பது. வகுப்பில் இருந்ததே பதினொரு பேர். ஃப்ளோர் மேனேஜர் என்றதும் அத்தனை பேரும் கூரையில் பல்லி தேடினார்கள். மாடிக் கண்ணாடி அறையிலிருந்து இயக்குநர் ஹெட்செட்டில் சொல்வதைக் கேட்டு, கீழே இருப்பவர்களுக்குச் சைகையால் கடத்துகிற வேலை அது. வாய் திறக்கக் கூடாது. திரையில் தலைமுடிகூடத் தெரியக் கூடாது. "எனக்குக் குடுங்க சார்," என்றாள் சிக்னல்.

அவள் அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. "டி.வி.ல நீ எப்ப வருவ?"

"வரவே மாட்டேம்மா. வந்தா அது தப்பு."

"நல்லா இருக்கே! அப்ப நான் யார் மூஞ்சிய பாக்க அங்க வரணும்?"

நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம். போன ஆண்டு மாணவர்கள் நாற்பது விநாடி கூடுதலாக இழுத்து, தொகுப்பாளர் வாயைத் திறந்தபடி இருக்கையிலேயே ஒளிபரப்பு அறுந்தது. "இந்த தடவையும் ஒரு விநாடி தாண்டுச்சுன்னா நேரலைக்குப் பூட்டு. இனிமே ரெக்கார்டிங்தான்," என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சிக்னலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "தப்பு பண்ணா மறுபடி எடுத்துக்கலாம்னா, அப்புறம் நான் எதுக்குடா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே திரிந்தாள்.

மூன்று வாரம் வகுப்பறையில் ஒத்திகை. மேசைகள்தான் கேமரா, துடைப்பம்தான் மைக். உன் வேலை என்ன என்று அவள் ஒருவரையும் கேட்டதில்லை. "பக்கத்துல நிக்கிறவன் வேலை என்ன? நாலாவது நிமிஷம் அவன் எங்க இருப்பான்?" என்பாள். பதில் தெரியாமல் விழித்தவன் அன்று முழுக்கத் துடைப்பம் பிடிக்க வேண்டும். இந்தச் சித்திரத்தை எழுதுகிற இரண்டாம் கேமராக்காரன் துடைப்பம் பிடித்தே தோள் இறங்கிப்போனவன். பழி தீர்க்க, அவளுடைய நிகழ்ச்சித் தாளில் ஏழாவது நிமிடத்துக்கு நேரே 'இங்கே அனைவரும் கொட்டாவி விடவும்' என்று எழுதிவைத்தான். ஏழாவது நிமிடம் வந்தது. அவள் முகம் மாறாமல் வாயருகே கையைக் குவித்துக் காட்டினாள். வகுப்பே கொட்டாவி விட்டது, அவனும் சேர்த்து.

நேரலை நாளும் வந்தது. விருந்தினர், முப்பது ஆண்டுகளாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். முதல் காட்சி வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல அமைந்தது. மாடியில் இயக்குநர் ஆனந்தத்தில் துள்ளிக் குதித்தான். குதித்த காலில் வயர் சிக்கி, ஹெட்செட்டுக்கான பிளக் பிடுங்கிக்கொண்டது. அது தெரியாமல் அவன் மேலே கத்திக்கொண்டிருந்தான். கீழே எல்லார் காதிலும் மயான அமைதி.

மூன்றாம் கேமராக்காரியின் முகம் வெளுத்தது. சிக்னல் தன் ஹெட்செட்டை ஒரேயொரு முறை தட்டிப் பார்த்தாள். ஒளிபரப்பில் ஓடுகிற கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியாத இரண்டாம் கேமராவின் முன் போய் நின்றாள். அது பார்ப்பது வெளியே போகாது, மாடித் திரையில் மட்டும் தெரியும். காதைத் தொட்டுக் கையை விரித்தாள். பிறகு தன் நெஞ்சைத் தட்டினாள்: நான் சொல்கிறேன், நீ கேள். மூன்று விரலை நீட்டினாள்.

மூன்றாம் கேமராவின் விளக்கு எரிந்தது.

அடுத்த பதினாறு நிமிடம் அரசாங்கம் தலைகீழாக நடந்தது. கீழே விரல் அசைந்தது, மேலே கீழ்ப்படிந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் வேலை எல்லாருக்கும் அத்துப்படி. ஒருவன் நகரும் முன்பே அடுத்தவன் வழி விட்டான். ஒருவர் வயரை ஒருவர் மிதிக்கவில்லை.

கடைசி நிமிடத்தில்தான் வினை வந்தது. "இன்னொரு கதை இருக்கு தம்பி, இதைக் கேளுங்க," என்று லிஃப்ட்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தொகுப்பாளன் மரியாதைக்காரப் பிள்ளை. முடி, முடி என்று சிக்னல் விரலைச் சுழற்றச் சுழற்ற, அவன் பல்லைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். விருந்தினருக்கு நேராகச் சைகை காட்டக் கூடாது என்பது பாடம். சிக்னல் பாடத்தை ஓரங்கட்டினாள். லிஃப்ட்காரரின் கண்ணுக்கு நேரே மண்டியிட்டு, கட்டைவிரலால் காற்றில் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

அவர் பொத்தான்களோடு முப்பது ஆண்டு குடித்தனம் நடத்தியவர். "என் மாடி வந்துடுச்சு தம்பி, இறங்கிக்கிறேன்," என்றார்.

நன்றி சொல்லியாயிற்று. பெயர்ப் பட்டியல் ஓடும்போது, இருவரும் கைகுலுக்குவதை இரண்டாம் கேமரா தூரத்திலிருந்து காட்ட வேண்டும். சிக்னல் இரண்டு விரலை நீட்டினாள். விளக்கு எரிந்தது. ஸ்டுடியோத் திரையில் கைகுலுக்கலைக் காணோம். இடுப்பில் டேப் சுருள்களோடு ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். தன்னையே பார்த்து அவள் கண்கள் விரிந்தன, விரல்கள் நிற்கவில்லை. மூன்று. இரண்டு. ஒன்று. கடைசிப் பெயரும் இருபதாவது நிமிடமும் ஒன்றாக முடிந்தன.

பெற்றோர் உட்கார்ந்திருந்த அடுத்த அறையில் ஆரவாரம் சுவரைப் பிளந்தது. அதற்கும் மேலே ஒரு குரல்: "வந்துட்டா! வரவே மாட்டேன்னா கழுதை, வந்துட்டா!"

இயக்குநர் படியில் ஓடி வந்தான். கணுக்காலில் சுற்றிய வயரும் பிளக்கும் வால்போலப் பின்னாலேயே வந்தன. "பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே அமைஞ்சுது!" ஆசிரியர் வாலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வருஷமும் நேரலைதான்," என்றார். ஒலிக்காரன் சிக்னலைத் தோளில் தூக்கப் பார்த்தான்.

அவள் அவனை விலக்கிவிட்டு நேராக இரண்டாம் கேமராவிடம் வந்தாள். "என்னை எதுக்குடா எடுத்த?"

"நானா? அது தானா திரும்பிடுச்சு, தாயே. ஸ்டாண்டு லூசு."

அவள் ஸ்டாண்டின் திருகைத் தொட்டுப் பார்த்தாள். அது இரும்பாக இறுகியிருந்தது. அதைத் தளர்த்தினாள். கேமராவை அரை வட்டம் சுற்றி அவன் பக்கமே திருப்பினாள். ஸ்டுடியோத் திரையில் ஒரு முகம் மங்கலாக வந்து நின்றது. அவன் கையால் மறைக்கப் பார்த்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருகினாள், இமையோரத்து ஈரம் துல்லியமாகத் தெரியும் வரை.