பதினான்கு கலன் மண்ணெண்ணெய்

1977ஆம் ஆண்டு ஆகஸ்டில், கண்டியில் புகையிரதப் பாதைக்கு மேலேயுள்ள சரிவில், வெளியே பூட்டுப் போட்ட தங்கள் வீட்டுக்குள் இராஜரத்தினமும் மனைவி பத்மாதேவியும் நான்கு நாட்கள் வேகாத அரிசியை மென்றுகொண்டிருந்தார்கள். பூட்டைப் போட்டவர் சரிவின் அடியில் சில்லறைக்கடை வைத்திருந்த மஹ்மூத். ஆளில்லாத வீடென்று நம்பி, தமிழர் வீடுகளைத் தேடிவந்த கலகக்காரர் போய்விட்டார்கள். அரிசி இருந்தது, விறகும் இருந்தது. ஆனால் அடுப்பு மூட்டினால் புகை எழும்; புகை எழுந்தால் பூட்டின் பொய் வெளிப்பட்டுவிடும். புகையாத மண்ணெண்ணெய்க் குக்கரிலோ ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

இராஜரத்தினம் அரசாங்கப் பண்டகசாலை ஒன்றில் களஞ்சியக் காப்பாளர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சட்டத்தையும் ஆங்கிலத்தையும் சுற்றறிக்கைகளிலிருந்தே கற்றுக்கொண்டவர். ஊரார் பொருளை இருபது ஆண்டுகள் குறைவில்லாமல் காத்த தாம், தம் வீட்டில் ஒரு போத்தல் எண்ணெய் வைக்கத் தவறியதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த மாதமே பின்னறையைக் களஞ்சியமாக்கினார். மஹ்மூதின் கடையில் வெறுமையாகும் விசுக்கோத்துத் தகரங்களை வாங்கி வந்து, வெயிலில் காயவைத்த அரிசியையும் பருப்பையும், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் காய்ந்த பனங்கிழங்கான ஒடியலையும் நிரப்பினார். கண்டிக் குளிருக்கும் ஈரத்துக்கும் வண்டு விரைவில் பிடிக்கும். ஆகவே தகரத்தின் அடியிலும் மேலும் காய்ந்த வேப்பிலை பரப்பி, மூடியின் விளிம்பை மெழுகுதிரியால் அடைத்து, திகதி எழுதி ஒட்டினார். பண்டகசாலையின் விதியே இங்கும் விதி: முந்தி வந்தது முந்திப் போகவேண்டும். இரண்டு பேருக்குத் தொண்ணூறு நாள் உணவு. அதைச் சமைக்கப் பதினான்கு கலன் மண்ணெண்ணெய். எல்லாம் ஒரு தடித்த கொப்பியில் பதிவாயிற்று.

"இவ்வளவையும் தின்று முடிக்கிறதெண்டால் அரசாங்கம் எங்களுக்கெண்டே தனியா ஊரடங்கு போடவேணும்," என்பாள் பத்மாதேவி.

மஹ்மூத் அதற்கும் மேல். "ரத்தினம் ஐயா, கொழும்பு லொறி வராட்டி நான் கடைய பூட்டிட்டு உங்கட ஊட்டுக்கு தான் சாமான் வாங்க வரணும்!"

ஆறு ஆண்டுகள் அந்தத் தகரங்கள் முறைதவறாமல் மாறிக்கொண்டிருந்தன. 1983 யூலையில் மறுபடி கலகம் மூண்டபோது தொண்ணூறு நாள் தேவைப்படவில்லை. பத்து நிமிடமும் கிடைக்கவில்லை. பின்வேலியால் மஹ்மூத் வீட்டுக்குள் ஓடியபோது பத்மாதேவி கட்டிய சேலையோடு வந்தாள். இராஜரத்தினம் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். மஹ்மூத் தம் மேல்மாடி யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். கலகக் கூட்டம் தான் கொண்டுவந்த எண்ணெய்க் கேன்களை முன்விறாந்தையில் ஊற்றிக் கொளுத்தியது. பின்னறைக்குத் தீ கடைசியில்தான் போனது.

அகதி முகாமிலிருந்து திரும்பியதும் விசாரணை அலுவலகத்துக்கு இழப்புப் பட்டியல் கொடுக்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் தளபாடத்தையும் நகையையும் நினைவிலிருந்து எழுதினார்கள். இராஜரத்தினம் கொப்பியைப் பார்த்து, ஒரு நெருப்புப்பெட்டிகூட விடாமல், பதினான்கு கலன் மண்ணெண்ணெயையும் சேர்த்து எழுதினார். இருந்ததை எழுதாமல் விடுவது களஞ்சியக்காரனுக்குக் குற்றம்.

எட்டு மாதத்தில் அறிக்கை வந்தது. 'வீட்டு உரிமையாளர் தாமே ஏற்றுக்கொண்டவாறு, அனுமதியின்றிக் குவித்து வைத்திருந்த மண்ணெண்ணெயே தீக்குக் காரணமாகும்.' அந்த ஒரு வரிதான். வீட்டைக் கொளுத்தியவர் அவரே என்று எழுதியிருந்தது.

அன்று தொட்டு அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. அந்த வரி நீக்கப்படவேண்டும். அதற்குக் கண்ட சாட்சி வேண்டும். கனத்த தாளில் வாக்குமூலம் தட்டச்சு செய்து மஹ்மூதிடம் கொண்டுபோனார்.

"நான் கண்ணால கண்டது தான் ஐயா. அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா ஒப்பம் மட்டும் கேக்காதீங்க. யார் யார் வந்தான்னு அடுத்தாப்போல கேப்பாங்க. ஊட்டுல மூணு கொமருப் புள்ளைகள் ஈக்குது."

"பேர் ஒண்டும் அதிலை இல்லை, மஹ்மூத். எண்ணெய் எங்கையிருந்து வந்ததெண்டு மட்டும்தான்."

மஹ்மூத் உள்ளே போய், ஒரு வெறுந் தகரத்தைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "கடதாசி வெக்க உதவும்."

ஒவ்வோர் ஆண்டும் புதிய திகதியிட்ட வாக்குமூலத்தோடு அவர் போனார். ஒவ்வோர் ஆண்டும் ஒரு தகரத்தோடு திரும்பினார். மஹ்மூத் வீட்டுக்கு அருகே எடுத்த வாடகை அறையின் சுவரோரம், மேன்முறையீடுகளும் அவற்றின் படிகளும் பதிவுத்தபால் பற்றுச்சீட்டுகளும் வேப்பிலையோடும் மெழுகோடும் அடுக்கப்பட்டன. 1988இல், அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார் என்றொரு கடிதம் வந்தது. அதன்பின் வீட்டில் இரண்டு நாளுக்கு மேற்பட்ட அரிசியோ ஒரு போத்தலுக்கு மேற்பட்ட எண்ணெயோ இருக்க அவர் விடவில்லை. வருகிறவன் கண்ணில் குவித்து வைத்தவன் என்று படக்கூடாது.

அதிகாரி வரவில்லை. 1989 வந்தது. கடை திறந்தால் சுடுவோம் என்று அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர் எழுதி ஒட்டினார்கள். வெளியே வந்தால் சுடுவோம் என்று அரசாங்கம் ஊரடங்கு போட்டது. மூன்றாம் நாள் எண்ணெய் முடிந்தது. நான்காம் நாள் காலை பத்மாதேவி பானையைக் கவிழ்த்துவைத்தாள். மத்தியானம் வேலிக்கு மேலால் ஒரு சீலைப்பை வந்து விழுந்தது. உள்ளே இரண்டு கொத்து அளவு அரிசி. மஹ்மூதின் முதுகு மட்டும் தெரிந்தது.

பத்மாதேவி பின்கதவடியில் மூன்று கல் வைத்து, பானையை ஏற்றினாள்.

"இஞ்சருங்கோ, எரிக்க ஒண்டுமில்லை."

"பொறு. நாளைக்கு ஊரடங்கை எடுப்பினம்."

"எழுபத்தேழிலை மென்றது போதும். இப்ப எனக்குப் பல்லும் இல்லை. எரிக்க உங்களிட்டை ஒரு சுவர் நிறையக் கிடக்கு."

அவள் எழுந்து கைக்கெட்டிய தகரத்தைத் தூக்கினாள்.

"அதில்லை," என்றார் அவர். "அது எண்பத்தேழு. முந்தி வந்தது இஞ்சை கிடக்கு."

மெழுகைத் தாமே சுரண்டி முதல் தகரத்தைத் திறந்தார். திகதி வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் முறுக்கி அடுப்பில் வைத்தாள். பற்றுச்சீட்டுகள் சட்டென்று போய்விட்டன. ஒப்பமில்லாத வாக்குமூலங்கள் கனத்த தாளாகையால் சற்று நின்று எரிந்தன. எண்பத்தைந்து முடிந்தபோது தண்ணீர் சுட்டது. எண்பத்தேழில் கொதித்தது. அரிசி இன்னும் விறைப்பாகவே இருந்தது.

பத்மாதேவி திரும்பிப் பாராமல் கையை நீட்டினாள். அதிகாரி நேரில் வருவார் என்ற கடிதம் அவர் கையில் இருந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, அதை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டுக் கொடுத்தார்.