தவறாக அச்சான கடைசி அத்தியாயம்

அறுபதுகளின் பின்பாதியில் சென்னை கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பக்கம் பக்கமாகக் கோத்துக்கொண்டிருந்தேன். என் சினேகிதன் துறைமுகத்தில் கோதுமைக் கிடங்குக் குமாஸ்தா. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி வீடு. பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் நூலகத்து ஆங்கிலப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்து, பிரபஞ்சத்தைப் பற்றி மனிதன் காலங்காலமாக என்னென்ன நினைத்தான் என்று தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தான். நான்கு வருட உழைப்பு.

அதைக் கோத்தவன் நான் என்பதால் எனக்கும் ஓரளவு மனப்பாடம். பூமிதான் நடு என்று நம்பிய காலம். இல்லை, சூரியன்தான் என்று ஒருவர் சொன்னது. வியாழனைச் சுற்றும் நிலவுகளைத் தொலைநோக்கியில் பார்த்தவர் கடைசியில் வீட்டுக்காவலில் கிடந்தது. வானத்தில் பஞ்சுப்பொதி போலத் தெரிந்தவற்றில் பல தனித்தனி நட்சத்திரக் கூட்டங்கள் என்று தெரிந்ததும், அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதும். கடைசி அத்தியாயத்தில், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, என்றைக்கும் இப்படியேதான் இருக்கிறது என்று முடித்திருந்தான்.

மற்றதெல்லாம் அச்சாகிவிட்டது. அந்த அத்தியாயம் மட்டும் கோத்தபடி காத்திருந்தது. ஒரு மத்தியானம் மூச்சிரைக்க வந்தான்.

"கடைசி அத்தியாயம் தப்புபா. பிரிச்சுடு."

அமெரிக்காவில் இரண்டு பேர் ரேடியோ அலைகளைப் பிடிக்க ஒரு பெரிய ஏரியல் வைத்திருந்தார்களாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் ஒரே இரைச்சல்.

"உள்ள புறா கூடு கட்டியிருந்துச்சாம். அதோட எச்சந்தான் காரணம்னு தொடச்சுப் பாத்தானுங்கோ. அப்பவும் போவல. அது இன்னா தெரியுமா? உலகம் பொறந்தப்போ இருந்த சூடுபா. இன்னும் மிச்சம் கீது. அப்போ தொடக்கம் ஒண்ணு இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

"யாருக்குத் தெரியப் போவுது? வுடுபா" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று வந்தது. "இந்தப் புக்குல கீறவன் ஒவ்வொருத்தனும் முன்னால இருந்தவன் தப்பத் திருத்துனவன். நான் தெரிஞ்சே தப்ப அச்சடிக்கணுமா?"

வீட்டிலிருந்தே புதிதாக எழுதிக் கொண்டுவந்த நான்கு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் ரத்தம் ரத்தமாக இருமி ஆஸ்பத்திரியில் சேர்ந்தான்.

கல்யாண மாதம். கல்யாணப் பத்திரிகை கோக்க எழுத்து போதவில்லை; பாதி எழுத்து அந்த அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு அச்சடி, இல்லேன்னா பிரிச்சுப் போடு" என்றார் முதலாளி. புதிதாகக் கோக்க இரண்டு நாளாவது ஆகும். நான் பழையதையே அச்சடித்தேன். புத்தகத்தைக் கையில் பார்த்தால் போதும், சந்தோஷப்படுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் முதலில் புரட்டியது கடைசி அத்தியாயத்தைத்தான். நிதானமாகப் படித்தான். மூடினான்.

"அட்டை நல்லா கீதுபா" என்றான். பிறகு, "எல்லாத்தையும் இங்க கொண்டாந்து போடு" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது படுத்தபடியே ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான். 'இந்த அத்தியாயம் தவறு. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.' இரண்டு வரிக்கு ஒருமுறை இருமல்.

"நான் திருத்தச் சீட்டு கோத்துக் கொண்டாறேன், ஒட்டிக்கலாம். நீ எழுதாத" என்றேன்.

"சரிபா" என்றான்.

கோக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பத்திரிகை வேலையிலேயே அந்த வாரம் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஆள் வந்து சொன்னான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். புத்தகக் கட்டு சுவரோரம் இருந்தது. அவன் மனைவி சொன்னாள்: "இன்னாத்துக்கு இப்படிக் கஷ்டப்பட்டு எழுதறேன்னு கேட்டேண்ணா. நான்தான் தெரியாம தப்பா எழுதிட்டேன்னு சொன்னாரு."

"அவன் சரியாத்தாம்மா எழுதிக் குடுத்தான். தப்பு என்னுது" என்றேன்.

"தெரியும்ணா. அந்த நாலு தாளையும் மடிச்சுக் குடுத்ததே நான்தானே."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கட்டைப் பிரித்து மேலே இருந்த ஒரு பிரதியை எடுத்துக்கொண்டாள். அதில் அவன் எழுத்து 'ஒரு தொடக்கம்' என்பதோடு நின்றிருந்தது.

"இது எனக்கு இருக்கட்டும். மத்ததெல்லாம் நீங்களே எழுதி முடிச்சுடுங்க" என்று கட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

கல்மண்டபம் வரை அதைத் தோளில் சுமந்து நடந்தேன். அச்சகத்தில் உட்கார்ந்து பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டேன். அன்று ஒரு பிரதியில்கூட என்னால் எழுத முடியவில்லை.