டீச்சரின் பாத்தியில் பனி உறைந்த காலை

புல்லில் கால் வைத்ததும் நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. குனிந்து தொட்டேன். விரல் சுட்டது... அது சூடல்ல, குளிர் என்று புரியவே கொஞ்ச நேரம் எடுத்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் மருதமுனை. கணவர் மலையூரான நுவரெலியாவில் புடவைக் கடை போட்டிருந்ததால், எட்டு மாதக் குழந்தையோடு நானும் அங்கே போயிருந்தேன்.

நாங்கள் வாடகைக்கு இருந்தது பாக்கியம் டீச்சரின் வீட்டில். ஓய்வுபெற்றவர், தனி ஆள். முற்றம் முழுக்கப் பூப்பாத்திகள். பேன்ஸி, பிட்டூனியா என்று ஒரு பருவம் பூத்து முடிந்துபோகிற செடிகள். ஏப்ரல் சீசனுக்கு ஹோட்டல்காரர்கள் அவரிடம்தான் நாற்று வாங்குவார்கள். அதுதான் அவருடைய சீவியம்.

ஜனவரியில் ஒப்பரேஷனுக்காகக் கண்டிக்குப் போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"மேகமும் இல்லாம காத்தும் இல்லாம இருந்தா அன்னைக்குத்தாம்மா ஆபத்து. பொழுது சாயறதுக்குள்ள சாக்கு போட்டு மூடிடு."

தலையாட்டினேன். ஆனால் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு வானம் தெளிந்திருந்தால் அது நல்ல நாள். மப்பான நாட்களில் எல்லாம் கவனமாக மூடினேன். கணவர் சரக்கெடுக்க ஊருக்குப் போன அன்று பின்னேரம் வானம் அப்படியொரு நீலம்... பாத்திகளைத் திறந்தபடியே விட்டுவிட்டேன்.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுத் திரையை விலக்கினால், முற்றம் முழுக்க வெள்ளை. ஓடிப்போய்ப் புல்லைத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான்.

கணவருக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், டீச்சர்ட பூவெல்லாம் பனியில உறைஞ்சிட்டு. நான் மூடல்ல..."

"அழாத புள்ள. டீச்சருக்கு எடுத்துக் கதை."

"பயமாரிக்கி மச்சான். ஒப்பரேஷன் செஞ்ச மனிசி..."

"கதைக்காம உட்டா இன்னும் மோசம். எடு."

எடுத்தேன். சொல்லி முடித்தேன். டீச்சர் கேட்டார்:

"வெயில் வந்துருச்சா?"

"இல்ல டீச்சர்."

"வெயில் படறதுக்குள்ள தண்ணி ஊத்திப் பனியைக் கழுவிடு. ஓடு!"

குழந்தையைக் கம்பளியில் சுற்றிக் கதவோரம் உட்காரவைத்துவிட்டு, பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிர் மலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாத்தி, அடுத்த பாத்தி... விரல்கள் மரத்துப்போயின. குழந்தை வீரிட்டு அழுதாள். நான் திரும்பவில்லை.

கடைசி இரண்டு பாத்திகளில் வெயில் என்னை முந்திவிட்டது. மத்தியானத்துக்குள் அந்தப் பிட்டூனியா நாற்றுகள் வேகவைத்த கீரை போலக் கறுத்துச் சாய்ந்தன.

டீச்சர் திரும்பி வரும்வரை நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ...

வந்தவர் நேரே பாத்திக்குப் போனார். வயிற்றைப் பிடித்தபடி நின்று, கறுத்த நாற்றுகளையே பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"அலுமாரி மேல வெதை டப்பா இருக்கு. எடுத்துட்டு வாம்மா. என்னால குனிய முடியாது, நீதான் போடணும்."

"நானா டீச்சர்?"

"வேற யாரு இருக்கா?"

போட்டேன். முளைக்கும்வரை பயம், முளைத்த பிறகு அதைவிடப் பயம். சீசன் தொடங்கிப் பத்து நாள் பிந்தித்தான் பூத்தன. ஆனாலும் பூத்தன.

இப்போது மருதமுனையில், கடல் மணலில் சீனியாஸ் பூச்செடி வளர்க்கிறேன். வெயிலில் ஒரு வரிசை கருகினால், "போனாப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறேன். ஒரு செடிக்காக அப்படிப் பயந்து எத்தனையோ காலமாகிவிட்டது... அந்தப் பயம் இல்லாதது நிம்மதிதான். ஏனோ, கொஞ்சம் குறையாகவும் இருக்கிறது.