கறக்காத மாடுகள்

ஃபிரிஸ்கோ என்ற அமெரிக்க நகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இன்னும் வீடு கட்டாத மேய்ச்சல் நிலம் ஒன்று மிச்சமிருக்கிறது. இன்று காலையிலிருந்து அங்கே மாடுகள் விடாமல் கத்துகின்றன. எனக்கு இந்தச் சத்தம் ஆகாது.

பாண்டிச்சேரிக்காரரான அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் பிரான்சில் ஒரு கிராமத்தில் எங்களைக் குடிவைத்தார். இருபது வீடு, ஒரு தேவாலயம், சுற்றிலும் கோதுமை. பக்கத்துப் பண்ணையில் ரெனே தனியாள். காலை ஆறு மணிக்குள் மாடுகளைக் கறந்துவிட்டு, வைக்கோல் வாசம் அடிக்கும் கையால் எனக்கு ஒரு கிண்ணம் பால் நீட்டுவார்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு நாள் காலை மணி எட்டாகியும், மடி கனத்த மாடுகள் கத்திக்கொண்டே இருந்தன.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றாள் அம்மா.

"அடுத்தவங்க இடத்துல நமக்கென்ன வேலை? நம்ம நிறத்தைப் பாத்தா திருட வந்தான்னுவாங்க," என்றார் அப்பா.

மதியம் பால் எடுக்க வந்த லாரிக்காரர்தான் பார்த்தார். கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் ரெனே. பத்து மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அப்பா அதற்குப் பிறகு பாலைத் தொடவேயில்லை.

"அம்மா, ஷுட் வி கோ செக்?" என்று மேய்ச்சல் நிலத்தைக் காட்டிக் கேட்கிறான் என் மகன்.

"அடுத்தவங்க இடத்துல நமக்கென்னடா வேலை," என்று ஜன்னலைச் சாத்துகிறேன்.