கொழுந்தை நழுவவிட்ட கை

ஆக்குபேஷனல் தெரபி படிப்பின் கடைசி வருடத்துக்காக என் மகள் செய்த புராஜெக்ட், மணிக்கட்டைத் தாங்கும் ஒரு தோல் பட்டை. அதைச் சோதித்துப் பார்த்த நாளை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு கொதிக்கிறது.

அப்போது நான் ஏலப்பாறைப் பக்கம் எஸ்டேட் பள்ளியில் டீச்சர். பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த பெண் ஒருத்தி தேயிலைச் சரிவில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்தும் பிடி வரவில்லை. அதனால் அவளுக்கு எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் தொட்டிலாட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். மகள் விடுமுறை முழுக்க அவள் கைக்கு அளவெடுத்துப் பட்டையைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கடைசியில் பட்டை கட்டிய அந்தக் கை தேயிலைக் கொழுந்து கிள்ளியது. கொஞ்ச நேரம்தான், அதற்குமேல் வீங்கிவிடும்.

"டீச்சரம்மா, அசையாம நிக்காதீக. ஒங்களையும் கொழுந்துன்னு கிள்ளிப் போட்ருவேன்" என்று, பட்டையைச் சோதிப்பதற்கு முந்தின நாள் அந்தப் பெண் சிரித்தாள்.

மகளின் புராஜெக்ட் வழிகாட்டி ஆசிரியை சென்னையிலிருந்து பார்க்க வந்தார். வெளியாட்களைத் தனியாக விடமாட்டோம் என்று எஸ்டேட் சூப்பர்வைசரும் கூடவே மலையேறினார்.

"என்னத்தா, தொட்டிலாட்டியே தேறிட்ட போல? நல்லாக் கிள்ளு பாப்போம். திங்கக்கிழமையிலருந்து முழு நாளும் மலையில கொழுந்துதான்" என்றார் அவர்.

அவள் இரண்டு கிள்ளு கிள்ளினாள். மூன்றாவது கொழுந்து கீழே விழுந்தது. அடுத்ததும்.

"பிடிக்க முடியல சார்."

"நேத்து..." என்று நான் வாயெடுத்தேன். மகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பட்டை உதவலையேம்மா" என்றார் ஆசிரியை.

"ஆமாம் மேடம்" என்றாள் மகள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "வேணும்னே கீழ போட்டா! இத்தனை வருஷப் படிப்பு! உன் மேடம்கிட்ட தனியாவாவது சொல்லக்கூடாதா?"

"அவங்க எழுதுற ரிப்போர்ட் எஸ்டேட்டுக்கும் வரும்மா. அதுக்கு ஒத்துக்கிட்டதாலதான் எங்கள உள்ள விட்டாங்க. முழு நாள் கிள்ளுனா அந்தக் கை அவ்வளவுதான்."

"அரை நாள் கொடுத்தா என்னவாம்?"

"அப்படி ஒரு வேலை இங்க கிடையாதேம்மா."

குணமான கையைக் குணமாகவில்லை என்று காட்டினால்தான் அந்தக் கை பிழைக்கும். இது என்ன நியாயம்? பட்டை பயன்படவில்லை என்று தானே எழுதிக் கொடுத்து, என் மகள் மார்க் குறைந்து கடைசி வரிசையில் பாஸானாள்.

ஆசிரியை வந்துபோன அன்று சாயங்காலமே அந்தப் பெண் பட்டையைத் திருப்பித் தர வந்தாள். மகள் வாங்கவில்லை. "வீட்டுக்குள்ள மட்டும் போட்டுக்கங்கக்கா" என்று மறுபடி கட்டிவிட்டாள்.

நான் முகம் கொடுக்கவில்லை. அடுப்பிலிருந்த டீக் கெட்டிலை அவளே அந்தக் கையால் தூக்கி, சிந்தாமல் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"கோவமா, டீச்சரம்மா?"

"ஆமா" என்று டம்ளரை வாங்கிக்கொண்டேன்.