இடது வளைவில் விழுந்த கோடு

பதுளையில் ஒரு கராஜில் வாகனங்களின் மின்கோளாறுகளைப் பார்ப்பது என் வேலை. லெப்டொப்பை வாகனத்தோடு இணைத்து, அதன் கணினி என்ன சொல்கிறது என்று வாசிப்பேன். அங்கே வேலை செய்யும் ஒரே பெண் நான்தான். சேர்ந்து நான்கு வருடமாகியும் என் பேச்சை அப்படியே நம்புகிற ஆட்கள் குறைவு. நம்பிய ஒருவருக்குத்தான் நான் பெரிய தவறைச் செய்தேன்.

அவர் நமுனுகுல பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளைப் பசறைப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றிப் போகிறவர். ஐம்பது வயதிருக்கும். கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் வேன். மேடு ஏறும்போது திடீரென்று மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொள்கிறது, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றார்.

இணைத்துப் பார்த்தேன். கியர் விகிதம் தவறு என்று பதிவாகியிருந்தது. கியர்பொக்ஸுக்குள் போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒத்துவரவில்லை என்று பொருள். உள்ளே தகடுகள் தேய்ந்து வழுக்குகின்றன என்று நானே முடிவு கட்டினேன். வேனைக் கேட்டுக்கு வெளியே ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கியர்பொக்ஸ மாத்தணும்ண்ணே."

"நீ சொன்னா சரிதான் தங்கச்சி" என்றார்.

வேறொரு கியர்பொக்ஸைப் போட்டுக் கொடுத்த நான்காம் நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, மறுபடி அதே மாதிரி மாட்டிக்கிச்சு. மூனு தடவ நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிட்டேன். மழையா இருக்கு. பாரம் இழுக்கல, பெரிய புள்ளைகள எறக்கி நடக்க விட்டுட்டேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு கராஜுக்கு வந்தார். நான் அவர் பக்கத்து சீட்டில் ஏறி, லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டேன். கியர் எண், உள்ளே போகும் வேகம், வெளியே வரும் வேகம், எண்ணெய்ச் சூடு, நான்கையும் திரையில் கோடுகளாக ஓட விட்டேன். பசறை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, கூர்மையான இடது வளைவில், வெளியே வரும் வேகத்தின் கோடு கண் இமைக்கும் நேரம் பூச்சியத்துக்கு விழுந்து எழுந்தது. வேன் நிற்கவே இல்லை. ஆனால் நின்றுவிட்டதாகக் கணினிக்குச் செய்தி போயிருக்கிறது. அடுத்த நொடி அது, பாதுகாப்புக்காக, வேனை மூன்றாம் கியரிலேயே பூட்டிவிட்டது.

"நிப்பாட்டுங்கண்ணே."

ஓரமாக நிறுத்தினார். சாக்கை விரித்து அடியில் படுத்தேன். வேகம் அளக்கும் சென்சருக்குப் போகும் வயர் ஓர் இரும்புத் தாங்கியில் உரசி, மேலுறை கிழிந்து செம்பு தெரிந்தது. இடப்பக்கம் வளையும்போது எஞ்சின் அசைய, அது இரும்பில் படுகிறது. வயர் கியர்பொக்ஸோடு வருவதல்ல, வேனோடு சேர்ந்தது. எந்தக் கியர்பொக்ஸைப் போட்டாலும் கோளாறு போயிருக்காது. வயருக்கு டேப் சுற்றித் தள்ளிக் கட்டினேன். அதே வளைவில் ஐந்து தடவை ஏறி இறங்கினோம். கோடு விழவில்லை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. கராஜ் முதலாளி புறப்படும்போதே சொல்லியிருந்தார்: என்ன கண்டுபிடித்தாலும் பழைய கியர்பொக்ஸைப் பற்றி வாயைத் திறக்காதே என்று. நடந்து ஏறிய பிள்ளைகளை நினைத்தேன்.

"அண்ணே, ஒங்க பழைய கியர்பொக்ஸ் நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் வேனைத் திருப்பிப் பசறைக்கு இறக்கினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேட்டார்: "அது இப்ப எங்க இருக்கு?"

"கராஜ் பின்னுக்குத்தான். இன்னும் விக்க கொழும்புக்கு அனுப்பல."

"அப்ப அதையே போட்டுக் குடுங்க."

கராஜுக்கு வந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் வந்து, "சனி, ஞாயிறு நீயே நின்னு மாத்து" என்று மட்டும் சொன்னார். வேன்காரருக்கு இதற்கு ஒரு சதமும் போடக்கூடாது, முன்பு வாங்கிய காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கும் தலையாட்டினார்.

இரண்டு நாள் ஆனது. கூட வேலை செய்யும் ஒரு அண்ணன் ஜாக்கைப் பிடித்துத் தந்தார். பழைய கியர்பொக்ஸின் அடித்தட்டைத் திறந்து பார்த்தபோது எண்ணெய் சிவப்பாகவே இருந்தது, தேய்மானத் தூள் கொஞ்சமும் இல்லை. அப்படியே வேன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்கு தெரிஞ்சிருக்காதே, தங்கச்சி."

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

திங்கட்கிழமை அவர் பிள்ளைகளை ஏற்றினார். வேன் இன்றும் அந்த மேட்டில் ஏறுகிறது. அவர் சர்வீஸுக்கு வரும்போது முதலில் பக்கத்து சீட்டைத் தட்டி, "ஏறு, ஓட்டிப் பாத்துட்டு பேசலாம்" என்கிறார். நானும் ஏறிக்கொள்கிறேன்.