காற்றுப் படக் கூடாத சேறு

அணையின் அடிச் சேற்றைக் குழாயோடு தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் வருவதுதான் என் புராஜெக்ட் வேலை. இதுபோல எதையாவது சுமந்திருக்கும் சக பாவிகளே, மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள்.

மேடத்தின் குரல்

நான் மும்பை மாட்டுங்காவில் பி.எஸ்ஸி. முதலாம் ஆண்டு. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவேன், அது பிறவி வியாதி. எங்கள் கெமிஸ்ட்ரி மேடம் செம்பூரில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர். அவர் சொல்வது இது: ஓடுகிற ஆற்றில் மண்ணுக்குக் காற்று கிடைக்கும். அணை தடுத்து நிறுத்தினால் மெல்லிய வண்டல் அடியில் படியும், ஆக்சிஜன் தீர்ந்து கறுக்கும், இரும்பு பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸ் தண்ணீரில் கழன்றுவிடும். அதைத்தான் அளக்கிறோம். "மழை வந்து கலக்கறதுக்கு முன்னாடி எடுக்கலேன்னா ஒரு வருஷம் போச்சு, கேட்டியோ" என்றார்.

அனுமதிக் கடிதம் இருந்தும், அணையின் வாட்ச்மேன், எல்லோருக்கும் 'காகா', அதாவது மராத்திச் சித்தப்பா, மேடம் போனில் சொன்னால்தான் படகைத் தருவேன் என்றார். மேடம் வகுப்பில், போன் ஆஃப். மரத்துக்குப் பின்னால் போய் நானே காகாவுக்குப் போன் அடித்து மேடமாகப் பேசினேன். காகா எழுந்து நின்று "ஜி மேடம்" என்றார். சேறு கிடைத்தது. அத்தோடு வந்திருக்கலாம். கிளம்பும்போது வாய் நிற்காமல் அந்தப் போன் பேச்சையே மேடமாகவும் காகாவாகவும் பேசிக் காட்டினேன். காகா சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்தி இந்தியில் சொன்னார்: "இனிமே போன்ல யாரு பேசினாலும் நீதான்."

லக்கேஜ் பெட்டி

குழாய் சாயக் கூடாது, மூடி கழலக் கூடாது. மீன்காரப் பெண்கள் ஏறும் லக்கேஜ் பெட்டியில் குழாயைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். ரப்பர் மூடியை மீறி வாடை கசிந்தது. ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில் "அடுத்த நிலையம், அழுகின முட்டை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தி மட்டும் தன் கூடையை இழுத்துக்கொண்டாள். "தள்ளி நில்லும்மா, உன் வாடை என் மீன்ல ஒட்டிரும்."

தாராவி ஃப்ரிட்ஜ்

போய்ச் சேர்வதற்குள் காலேஜ் லேப் பூட்டிவிட்டார்கள். எனவே எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் குழாயை நிறுத்தினேன். "தொடாதீங்கம்மா" என்றேன், ஏன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி வந்தால், குழாய் ஜன்னலோரம், மூடி தனியே. மேலே இரண்டு விரற்கடை கறுப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது. காற்றுப் பட்ட இரும்பு மறுபடி பாஸ்பரசைப் பிடித்துக்கொள்ளும், அளந்தால் பொய்தான் வரும். அம்மா பெருமையாக நின்றாள். "மூடியே வச்சா நாறத்தானட்டி செய்யும், கொஞ்சம் காத்தாடட்டும்னு தொறந்து வச்சேன்."

மேகம்

மேடம் குழாயைப் பார்த்துவிட்டு, "இது இப்போ வேற மண்ணுடி" என்றார். அடுத்த சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன். போன அன்று அணைக்கு மேலே மேகம் திரண்டிருந்தது. காகா கடிதத்தைப் பார்க்கவே இல்லை. நிஜ மேடமே அவருக்குப் போன் செய்தார். அவர் என் முகத்தையே பார்த்தபடி கேட்டுவிட்டு, கட் செய்தார். "உன் வாய் அசையலையே, இதை யாருக்குக் கத்துக் குடுத்தே?"

முதல் தூறல் கையில் விழுந்தது. யார் குரலும் இல்லாமல் சொன்னேன்: போன வாரம் எடுத்த சேறு கெட்டுப்போச்சு, அன்னிக்குப் பேசினது நான், இன்னிக்குப் பேசினது மேடம், மழை பிடிச்சா ஒரு வருஷம் போயிரும், படகு தராம நான் போக மாட்டேன். குரல் நடுங்கி நடுவில் கிறீச்சிட்டது. காகா சாவியை எடுத்தார். "இந்தக் குரல் நல்லாவே இல்ல, அதனால உன்னோடதுதான், ஏறு."

இந்த முறை அம்மாவிடம் காரணத்தைச் சொல்லி ஃப்ரிட்ஜில் வைத்ததால், திங்கட்கிழமை சேறு கறுப்பு மாறாமல் லேப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வேலையில் மூடி வைக்க வேண்டியது குழாய் மட்டுமல்ல, என் வாயும்தான்.